எலிகளின் கண்ணில் கிடைத்த வைட்டமின் ஏ: யார் இந்த எல்மர் மெக்காலம்?

அங்கன்வாடியில் 6 மாதத்துக்கு ஒருமுறை சின்னக் குழந்தைகளின் வாயில் ஒரு மஞ்சள் திரவத்தை ஊற்றுவார்களே, அது வைட்டமின் ஏ. எதுக்கு என்று யாரிடம் கேட்டாலும் கண்ணுக்கு நல்லது என்பார்கள். பதில் சரிதான். ஆனால் சாப்பாட்டில் துளியூண்டு இருக்கும் ஒரு பொருள் இல்லாமல் போனால் கண் போய்விடும் என்று ஆய்வகத்தில் நிரூபித்தது மனிதர்களை வைத்து அல்ல. மாட்டுக் கொட்டகையில் ஆரம்பித்து எலிக் கூண்டில் முடிந்த கதை அது.

அந்த எலிகளை வளர்த்தவர் எல்மர் வெர்னர் மெக்காலம். 1879-ல் பிறந்து 1967-ல் மறைந்த அமெரிக்கர். வைட்டமின்களை ஏ, பி, டி என்று எழுத்தை வைத்து நாம் கூப்பிடுவதே அவர் தொடங்கிய பழக்கம்தான். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரியில் பார்வை போன மாடுகளும் இருக்காது, 5 வருஷம் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்த ஒரு பெண்ணும் இருக்க மாட்டார்.

ஆப்பிள் தோல் தின்ற குழந்தை

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் குடும்பம். மெக்காலம் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா மறுபடி கர்ப்பமானதால் தாய்ப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சிய பாலும் மசித்த உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. குழந்தைக்கு ஈறு வீங்கியது, மூட்டு வீங்கியது, உடம்பு தேறவே இல்லை. ஒருநாள் அம்மா ஆப்பிள் நறுக்கும்போது தோலைச் சுரண்டிக் கொடுக்க, குழந்தை ஆசையாகத் தின்றது. தொடர்ந்து கொடுத்தார். சில நாட்களிலேயே குழந்தை தேற ஆரம்பித்தது.

அது ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைபாடு. அப்போது அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. பெரியவனாகி, இந்தத் துறைக்குள் வந்த பிறகுதான் அம்மா சொன்ன கதையின் அர்த்தம் மெக்காலத்துக்கே பிடிபட்டது.

கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பு, 1906-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் டாக்டர் பட்டம். அங்கே புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் ஆஸ்போர்ன், லஃபாயெட் மெண்டல் இருவரிடமும் கொஞ்ச காலம் வேலை. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள். 1907-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது.

16 கிடேரிகள், ஒரே மாதிரி தீனி

அங்கே ஸ்டீபன் பாப்காக் என்று ஒரு மூத்த விஞ்ஞானி. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளக்க 1890-லேயே சுலபமான வழி கண்டுபிடித்தவர். அவருக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் மாட்டுத் தீவனத்தின் தரத்தை வேதியியல் கணக்கு போட்டுத்தான் சொல்வார்கள்: புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. கணக்கு ஒன்றாக இருந்தால் தீவனமும் ஒன்றுதான். அப்படியானால் சோளத்தட்டையோ கோதுமைத் தாளோ, மாட்டுக்கு ஒரே பலன்தானே கிடைக்க வேண்டும்? பாப்காக் இதை நம்பவில்லை.

சோதித்துப் பார்க்க 16 கிடேரிக் கன்றுகளை நான்கு நான்காகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து வந்தது மட்டும்தான் தீனி. இன்னொன்றுக்குக் கோதுமை மட்டும். மூன்றாவதுக்கு ஓட்ஸ். நான்காவதுக்கு மூன்றும் கலந்தது. காகிதத்தில் பார்த்தால் நான்கு தீனியும் சத்தில் சமம். 1907-ல் தொடங்கிய சோதனையின் முடிவு 1911-ல் வெளியானது.

மக்காச்சோளம் தின்றவை பளபளவென்று இருந்தன, நல்ல கன்றுகளாக ஈன்றன. கோதுமை தின்றவை வயிறு ஒட்டி, ரோமம் முரடாகிக் கிடந்தன. அவற்றின் கண்ணைப் பார்த்தாலே பார்வை போய்விட்டது தெரிந்தது. கன்றுகள் மூன்று நான்கு வாரம் முன்னாடியே பிறந்தன. சில செத்தே பிறந்தன, சில பிறந்த கொஞ்ச நாளில் செத்தன.

தீனி, பால், சாணம், கோமியம் எல்லாவற்றையும் வேதியியல் முறையில் அலசி, வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டியது மெக்காலத்தின் வேலை. மாதக்கணக்கில் அலசினார். ஒன்றும் சிக்கவில்லை.

இன்றைக்கு நமக்குக் காரணம் தெரியும். மக்காச்சோளத்தில் மஞ்சள் நிறமியான கரோட்டின் இருக்கிறது. மாட்டின் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். காய்ந்த கோதுமைத் தாளிலும் கோதுமை மாவிலும் அது கிட்டத்தட்ட இல்லை. வளரும் வயதில் மாட்டுக்கு வைட்டமின் ஏ கிடைக்காவிட்டால் இரண்டு வழியில் கண் பாதிக்கும். விழித்திரை வேலை செய்யாமல் போவது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் பயங்கரமானது: கண் நரம்பு மண்டை ஓட்டுக்குள் போகும் எலும்புத் துவாரம் சரியாக வளராமல் குறுகி, நரம்பையே நெரித்துவிடும். அப்படி ஒருமுறை நரம்பு நசுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு பச்சைப் புல் போட்டாலும் பார்வை திரும்பாது. கோடை முழுக்க வெறும் வைக்கோல் மட்டும் தின்னும் கன்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

எலி வளர்க்க அரசுப் பணமா?

மாட்டை வைத்து ஆராய்ந்தால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவே 4 வருஷம். மெக்காலம் யோசித்தார். பழைய ஜெர்மன் ஆய்வுத் தொகுப்புகளை உட்கார்ந்து புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1873 தொடங்கி பல பேர், சுத்தம் செய்த புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்பு மட்டும் கொடுத்து சுண்டெலிகளை வளர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை முயற்சியும் தோல்வி. சில வாரங்களில் எலிகள் செத்தன. இந்தத் தோல்விக்குள்தான் விடை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

எலி கொஞ்சமாகத் தின்னும், சீக்கிரம் வளரும், சீக்கிரம் குட்டி போடும். ஆயுளும் குறைவு. ஆனால் வேளாண் கல்லூரியின் தலைவர் ஹென்றி சம்மதிக்கவில்லை. அவர் பயமும் நியாயம்தான். விவசாயி பூச்சி மருந்து, பொறி என்று எலியை ஒழிக்கப் படாதபாடு படுகிறான், அவன் வரிப்பணத்தில் எலிக்குச் சோறா? பாப்காக் மட்டும் செய் என்று தைரியம் கொடுத்தார்.

முதலில் குதிரைக் கொட்டகையில் பொறி வைத்துக் காட்டெலிகளைப் பிடித்தார் மெக்காலம். அவை கடித்துக் குதறின, கிட்டவே போக முடியவில்லை. அப்புறம் சிகாகோவில் செல்லப் பிராணி விற்பவரிடம் 12 வெள்ளை எலிகளைச் சொந்தக் காசில் வாங்கினார். விலை 6 டாலர். 1908-ல் அவர் அமைத்த அந்த எலிக்கூட்டம்தான், சத்துணவு ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட முதல் எலிக்கூட்டம் என்று சொல்வார்கள். (இந்தக் கதைகளில் பல, வயதான பிறகு மெக்காலம் தானே எழுதிய சுயசரிதையில் இருந்து வருபவை. அதனால் நாயகனுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.)

எலிகளை யார் கவனிப்பது? 1909-ல் மார்கரெட் டேவிஸ் வந்தார். ரசீன் என்ற ஊரைச் சேர்ந்தவர், 20 வயதைத் தாண்டிய பட்டதாரி. எலிகளுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, தினமும் எடை பார்த்து எழுதுவது எல்லாம் அவர் வேலை. 5 வருஷம் ஒரு பைசா சம்பளம் இல்லை. ஆறாவது வருஷம்தான் 600 டாலர் கொடுத்தார்கள்.

முதல் சில வருஷங்கள் மெக்காலம் தப்பான வழியில் போனார். சுத்தம் செய்த தீனி ருசியாக இல்லை, அதனால்தான் எலிகள் சரியாகத் தின்னாமல் இளைக்கின்றன என்று நினைத்து, வாசனை சேர்த்துப் பார்த்தார். கட்டுரையும் எழுதிவிட்டார். இதை விமர்சித்தவர்கள் வேறு யாருமில்லை, பழைய ஆசான்களான ஆஸ்போர்னும் மெண்டலும்தான். அவர்களும் இதற்குள் யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரில் எலி வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

வெண்ணெயில் என்ன இருக்கிறது?

1912, 1913 வாக்கில் விஷயம் தெளிவாக ஆரம்பித்தது. பால் புரதம், பால் சர்க்கரை, உப்புகள் எல்லா எலிகளுக்கும் பொது. கொழுப்பு மட்டும் மாறும். பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ கொடுத்த எலிகள் இரண்டு மூன்று மாதம் நன்றாக வளர்ந்து, சட்டென்று நின்றுவிட்டன. வெண்ணெய்க் கொழுப்போ முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொழுப்போ கொடுத்தவை தொடர்ந்து வளர்ந்தன. நின்றுபோன எலிக்கு வெண்ணெய் கொடுத்தால் அதுவும் மறுபடி வளர ஆரம்பித்தது.

வளர்ச்சி நின்ற எலிகளிடம் இன்னொன்றும் தெரிந்தது. கண். முதலில் கண்ணீர் சுரப்பது குறையும். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து மங்கலாகும். இமை வீங்கி, சீழ் கட்டி ஒட்டிக்கொள்ளும். பிறகு கருவிழியில் புண் வந்து, அது ஓட்டையானால் கண் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்னால் வெண்ணெய் கொடுத்துவிட்டால் சில நாட்களிலேயே கண் திறந்துவிடும். தராசில் எடை பார்த்துக் காத்திருக்க வேண்டாம், கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்: இந்த எலிக்கு அந்தப் பொருள் கிடைக்கிறதா, இல்லையா என்று. என்னைக் கேட்டால், மெக்காலத்தின் பெரிய பலமே இந்தக் கண்ணைக் கருவியாக்கியதுதான். யாரும் பார்த்திராத, எடை போட முடியாத ஒரு பொருளை அவர் பின்தொடர்ந்தார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் ஒரு நோய்.

அடுத்த வருஷம் செய்த சோதனை இன்னும் அழகு. வெண்ணெயைக் காரத்தோடு சேர்த்து சோப்பாக மாற்றினார்கள். அப்படி மாறாமல் மிஞ்சிய பகுதியை எடுத்து ஆலிவ் எண்ணெயில் கலந்தார்கள். அதுவரை எதற்கும் உதவாத ஆலிவ் எண்ணெய் எலிகளை வளர்க்க ஆரம்பித்தது! அதாவது வெண்ணெயின் சக்தி கொழுப்பில் இல்லை, கொழுப்பில் கரைந்திருக்கும் வேறு எதிலோ இருக்கிறது. 1916-ல் கொர்னீலியா கென்னடியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதற்குக் கொழுப்பில் கரையும் ஏ என்றும், தவிடு போன்றவற்றில் இருந்த இன்னொன்றுக்கு நீரில் கரையும் பி என்றும் பெயர் வந்தது. 1920-ல் இங்கிலாந்தின் டிரம்மண்ட் இந்த எழுத்துகளுக்கு முன்னால் வைட்டமின் என்ற சொல்லை ஒட்டவைத்தார்.

முதலில் சொன்னது யார்?

மெக்காலமும் டேவிஸும் தங்கள் கட்டுரையை 1913 ஜூன் தொடக்கத்தில் இதழுக்கு அனுப்பினார்கள். ஆஸ்போர்னும் மெண்டலும் கிட்டத்தட்ட அதே முடிவை எழுதி அனுப்பியது 3 வாரம் கழித்து. இரண்டும் ஒரே இதழில் வந்தன. தங்கள் எலிகளுக்குக் கண் நோய் வந்ததையும் வெண்ணெய் கொடுத்ததும் அது சட்டென்று குணமானதையும் அவர்களும் அந்த வருஷமே பதிவு செய்தார்கள். ஆக வைட்டமின் ஏ கண்டுபிடிப்புக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் என்று சொல்வது கஷ்டம். 3 வார வித்தியாசத்தில்தான் மெக்காலம் பெயர் முன்னால் நிற்கிறது.

இன்னும் பின்னாடி போனால், 1816-லேயே பிரான்ஸ் நாட்டின் மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் ஒரு நாய்க்குச் சர்க்கரையும் சுத்த நீரும் மட்டும் கொடுத்து வளர்த்தார். அதன் கருவிழியில் புண் வந்து ஓட்டையானது, பிறகு நாய் செத்தது. சத்துக் குறைவால் கண் போனதை ஆய்வகத்தில் பார்த்து எழுதிவைத்த ஆரம்ப காலப் பதிவுகளில் அது ஒன்று. ஏன் என்று புரிய 100 வருஷம் ஆனது.

1917-ல் மெக்காலம் பால்டிமோரில் புதிதாகத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொது சுகாதாரப் பள்ளிக்குப் போனார். போன விதம் நல்லபடியாக இல்லை. பல வருஷங்களின் ஆய்வுக் குறிப்பேடுகளை எடுத்துப் போய்விட்டார், கூண்டைத் திறந்து எலிகளை வெளியே விட்டுவிட்டார் என்று விஸ்கான்சினில் குற்றம்சாட்டினார்கள். அங்கே சேர்ந்து செய்த வேலையைத் தன் பெயரில் வெளியிடுகிறார் என்றும் பழைய சகாக்கள் கோபப்பட்டார்கள். பெரிய கண்டுபிடிப்பாளர் என்பதற்காக இதையெல்லாம் மூடி மறைக்கத் தேவையில்லை. அவரோடு சேர்ந்து விஸ்கான்சினில் வேலை பார்த்த ஹாரி ஸ்டீன்பாக் அங்கேயே தங்கி, 1919-ல் மஞ்சள் மக்காச்சோளத்தில் இருக்கும் சக்தி வெள்ளை மக்காச்சோளத்தில் இல்லை என்று காட்டினார். அந்த 16 கிடேரிகளின் புதிர் அங்கேதான் அவிழத் தொடங்கியது.

டென்மார்க் குழந்தைகள்

எலிக்கு வருவது மனிதனுக்கும் வருமா? மெக்காலமும் நினா சிம்மண்ட்ஸும் 1917-ல், எலிகளின் இந்தக் கண் வறட்சி ஒரு குறைபாட்டு நோய்தான், மனிதர்களுக்கு வரும் அதே நோய்தான் என்று வாதாடினார்கள். ஆதாரம் ஏற்கெனவே உலகத்தில் சிதறிக் கிடந்தது. ஜப்பானில் மோரி என்ற மருத்துவர் 1904-லேயே, கண் வறண்டு அவதிப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஈரலும் மீன் எண்ணெயும் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள்.

டென்மார்க்கில் நடந்தது இன்னும் வேதனை. வெண்ணெய்க்குப் பேர்போன நாடு அது. ஆனால் நல்ல வெண்ணெய் எல்லாம் ஏற்றுமதிக்குப் போகும், ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கிடைப்பது ஆடை எடுத்த பாலும் மார்கரினும். கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவர் கார்ல் பிளாக்கிடம் கண் வறட்சியோடு குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பலருக்குப் பார்வை போனது. முதல் உலகப் போரில் கடல் வழி அடைபட்டு, 1917 கடைசியில் வெண்ணெய் ரேஷனுக்கு வந்தது. உள்நாட்டிலேயே தங்கிய வெண்ணெய் ஏழை வீட்டுக்கும் எட்டியது. அடுத்த வருஷம் கண் நோய் சடாரென்று குறைந்தது. ஒரு நாடு முழுக்க நடந்த எலிச் சோதனை மாதிரி.

ஆனாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1919-ல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு, எலிக்கு வருவது சத்துக் குறைவால் அல்ல, அழுக்குக் கூண்டால் வரும் தொற்று என்றது. சுத்தமான கூண்டில் வைத்தாலும் ஏ இல்லாவிட்டால் கண் நோய் வருகிறது என்று அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கண்ணில் தொற்று வருவது உண்மைதான். வைட்டமின் ஏ இல்லாமல் கண்ணின் மேல்தோல் காய்ந்து தடித்துப்போன பிறகு கிருமி சுலபமாக உள்ளே வருகிறது.

பால்டிமோரில் மெக்காலம் அதே எலிக் கண்ணை வைத்து இன்னொரு வைட்டமினையும் பிடித்தார். மீன் ஈரல் எண்ணெய் கண் நோயையும் குணமாக்கும், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயையும் குணமாக்கும். இரண்டுக்கும் ஒரே பொருள்தானா? எண்ணெயைச் சூடாக்கி, அதற்குள் காற்றைச் செலுத்தினார். அப்புறம் அந்த எண்ணெய் எலிகளின் கண்ணைக் குணப்படுத்தவில்லை, எலும்பை மட்டும் குணப்படுத்தியது. அப்படியானால் உள்ளே இருப்பது இரண்டு. 1922-ல் அறிவித்த இரண்டாவதுதான் வைட்டமின் டி.

ஆய்வகத்தோடு அவர் நிற்கவில்லை. 1918-ல் சத்துணவு பற்றி எழுதிய புத்தகத்தில் பாலையும் கீரையையும் பாதுகாக்கும் உணவு என்று தனியாகப் பிரித்தார். மெக்கால்ஸ் என்ற பெண்கள் இதழில் வருஷக்கணக்கில் எழுதினார். குதிரைமசால் இலை தின்ற எலிகளின் கண் நன்றாக இருந்ததைப் பார்த்தவர் என்பதால், கீரை பற்றி அவர் சொன்னதில் வலு இருந்தது.

பிறகு நடந்தவை

இருட்டில் பார்வை ஏன் குறைகிறது என்பதையும் எலிகள்தான் சொல்லின. 1925-ல் டென்மார்க்கின் ஃபிரிடெரிசியாவும் ஹோல்மும், வைட்டமின் ஏ கிடைக்காத எலிகளின் விழித்திரையில், ஒளி பட்டு வெளுத்துப்போன நிறமி மறுபடி ஊறுவது மெதுவாகிறது என்று கண்டார்கள். மாலைக்கண் நோயின் அடிப்படை இதுதான். 1933-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், வைட்டமின் ஏ கிடைக்காத ஒரு தாய்ப் பன்றி 11 குட்டிகள் போட்டது. ஒன்றுக்குக்கூடக் கண் விழி இல்லை. அதே வருஷம் ஜார்ஜ் வால்ட் விழித்திரைக்குள்ளேயே வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார்.

நம்ம ஊர் வரைக்கும் இது வந்தது. 1937-ல் குன்னூர் சத்துணவு ஆய்வகத்தின் அய்க்ராய்டும் சென்னையின் கண் மருத்துவர் ரைட்டும், கருவிழி கரைந்துபோகும் நிலைக்கு வந்தவர்களுக்குச் சிவப்புப் பனை எண்ணெய் கொடுத்து அதன் பலனைப் பற்றி எழுதினார்கள். அந்த எண்ணெயின் சிவப்பும் கரோட்டின்தான். 1970-ல் இந்தியா குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இப்போதைய நடைமுறைப்படி 9 மாதத்தில் முதல் தவணை 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். 1980-களில் ஆல்ஃபிரட் சாமர் இந்தோனேசியாவில் செய்த ஆய்வு இதற்கு இன்னொரு காரணமும் கொடுத்தது: ஆச்சே பகுதியில் வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் சின்னக் குழந்தைகளின் இறப்பு 34 சதவீதம் குறைவு. எலிகள் கண்ணோடு சேர்ந்து உயிரையும் விட்டதை மெக்காலமும் டேவிஸும் கூண்டில் பார்த்திருந்தார்கள்.

வைட்டமின் கண்டுபிடிப்புக்காக 1929-ல் நோபல் பரிசு வாங்கியவர்கள் ஐக்மனும் ஹாப்கின்ஸும். மெக்காலத்துக்கு நோபல் கிடைக்கவே இல்லை. 1967 செப்டம்பரில், 80 வயதில் மார்கரெட் டேவிஸ் இறந்தார். அக்டோபரில், கண்ணுக்குள் வைட்டமின் ஏ என்ன செய்கிறது என்று விளக்கியதற்காக ஜார்ஜ் வால்டுக்கு நோபல் அறிவிக்கப்பட்டது. நவம்பரில், 88 வயதில் மெக்காலம் காலமானார்.